கண்ணாடிக் குவளையும் அதன் ஓசையும்

சந்தையில் மட்பாண்டம் வாங்குவோர் அதனை விரலால் தட்டி ஓசை கேட்ட பின்னரே விலை பேசுவர். வெடிப்புள்ள பானை மழுங்கிய ஒலி தரும்; பழுதற்றது கணீரென ஒலிக்கும். பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் கண்ணாடிக் குவளையின் தரத்துக்கும் இவ்வோசையே ஒரு சான்றாக அமைந்தது.

அதற்கு முன்னர் சிறந்த கண்ணாடி வெனிசுக்கே உரியதாயிருந்தது. தீ விபத்துக்கு அஞ்சிய அந்நகர அரசு 1291ஆம் ஆண்டில் சூளைகளை மூரானோத் தீவுக்கு மாற்றியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறமற்ற தெளிந்த கண்ணாடி அங்கே உருவாயிற்று. இலண்டன் வணிகரான ஜோன் கிறீன், 1667 முதல் 1672 வரை தாம் விரும்பிய குவளைகளின் உருவங்களை வரைந்து வெனிசுக்கு அனுப்பி, அவற்றைத் தருவித்தார்.

இத்தகைய கண்ணாடியை இங்கிலாந்திலேயே ஆக்க முயன்றவர் ஜோர்ஜ் றேவன்ஸ்குறொவ்ற். 1674இல் அவர் ஏழாண்டு ஆக்கவுரிமை பெற்றார். எனினும், அவருடைய முதற் குவளைகள் விரைவில் மங்கி, நுண்ணிய வெடிப்புகளால் மூடப்பட்டன. கலவையில் காரம் மிகுந்தமையால் காற்றின் ஈரம் அவற்றை அரித்தது. ஈயவொட்சைட்டைச் சேர்த்து அவர் பரிகாரம் தேடினார். குறை நீங்கியதென 1676 யூன் மாதத்தில் ஒரு சான்றுரை வெளியாயிற்று. புதிய குவளையின் ஓசை வேறுபாட்டை எவரும் கேட்டறியலாம் என்பதும் அதிற் கூறப்பட்டது. பின்னர் அண்டங்காக்கைத் தலை முத்திரையும் குவளைகளிற் பொறிக்கப்பட்டது.

ஈயம் கண்ணாடிக்குப் பாரத்தையும் ஒளியையும் நீண்டொலிக்கும் நாதத்தையும் அளித்தது. ஆயினும் அந்நாதம் கூறாத உண்மையொன்று உண்டு. புளிப்புள்ள பானம் நெடுநேரம் தங்கினால், ஈயம் சிறிது சிறிதாக அதனுட் கலக்கும். உடலுக்கு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு, ஈயம் கேடு செய்வதாகும். ஈயத்துக்குப் பதிலாகப் பேரியம், நாகம் முதலியவற்றின் ஒட்சைட்டுகள் சேர்ந்த குவளைகளும் இன்று விற்பனைக்கு வருகின்றன. அவையும் இனிதே ஒலிக்கின்றன. ஆதலால் செவி மட்டும் இதனைத் தீர்மானிக்க இயலாது.

குவளை வாங்குவோர் அதனை வெளிச்சத்திற் பிடித்துக் குமிழும் கீறலும் உளவோ எனப் பார்த்தல் வேண்டும். விளிம்பு வழுவழுப்பாகவும் அடி ஆடாமலும் இருத்தல் நன்று. மெல்லத் தட்டி ஓசையும் கேட்கலாம். இவை யாவும் வேலைப்பாட்டின் தரத்தைக் காட்டும். அன்றாடப் பாவனைக்கு உகந்ததோ என்பதை அறிய, ஈயமற்றது என்னும் குறிப்பு உண்டா எனவும் பார்த்தல் வேண்டும். கண்ணும் செவியும் காட்டாததை அக்குறிப்பே காட்டும்.