வெள்ளிப் பட்டங்களின் கீழே

1902ஆம் ஆண்டு தியன்ஜின் நகரில் தோன்றிய 'தா குங் பாவ்' என்னும் சீன நாளேடு, 1926இல் புதியவர் கைக்கு மாறியபோது நான்கு விலக்குகளைத் தன் நெறியாக அறிவித்தது: கட்சி சாராமை, விலைபோகாமை, தன்னலம் கருதாமை, கண்மூடிப் பின்செல்லாமை. படைத்தலைவர்கள் நாட்டைப் பங்கிட்டு ஆண்ட அக்காலத்தில் இது துணிவான சொல்லேயாகும். இவ்வேட்டுக்காக மேனாடு சென்றவருள் தலைசிறந்தவர் சியாவ் சியென்.

1910இல் பீக்கிங்கில் பிறந்த அவர், 1939இல் இலண்டனுக்குச் சீனமொழி ஆசிரியராகச் சென்றார். கற்பித்துக்கொண்டே செய்தியும் அனுப்பினார். மறு ஆண்டு செருமானிய வானூர்திகள் அந்நகரின்மேல் குண்டுமாரி பொழிந்தன. நகரைக் காக்க வானில் மிதக்கவிட்ட தடுப்புப் பலூன்கள் அவர் எழுத்தில் 'வெள்ளிப் பட்டங்கள்' ஆயின. கட்டுரை ஒன்றின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. பட்டம், சீனக் குழந்தைகள் நன்கறிந்த பொருளன்றோ! இதனினும் கருதத்தக்கது படித்தவர் நிலை. அந்நாளேடு போர்க்காலத் தலைநகரான சுங்கிங்கிலும் வெளிவந்தது. சப்பானியர் குண்டுகளுக்கு அஞ்சிப் பதுங்குகுழிகளில் இரவைக் கழித்த அந்நகர மக்களுக்கு, இலண்டன் செய்தி அயல்நாட்டுச் செய்தியாகவா தோன்றியிருக்கும்?

1944இல் கேம்பிரிட்சு ஆய்வை இடையில் நிறுத்திவிட்டு முழுநேரச் செய்தியாளரானார். மறு ஆண்டு அமெரிக்க ஏழாம் படையுடன் இரைன் ஆற்றைக் கடந்தார். சான்பிரான்சிசுக்கோவில் ஐக்கிய நாடுகள் அவை உருப்பெற்றதையும், நூரம்பர்க்கில் நாசித் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றதையும் எழுதினார்.

1949இல் கேம்பிரிட்சு மீண்டும் ஆசிரியப் பணிக்கு அழைத்தது. அவரோ மறுத்துப் பீக்கிங் திரும்பினார். அங்கே அயல்நாட்டுச் செய்தி பெரிதும் சின்குவா நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. அதன் செய்தியாளர்கள் இருவகையாய் எழுதினர்: நாளேட்டில் அச்சேற ஒன்று, தலைவர்கள் மட்டும் படிக்க மற்றொன்று. கசப்பான உண்மைகளுக்கு இரண்டாவதிலேயே இடமிருந்தது. சுங்கிங் வாசகரை ஒத்த எளிய மக்களுக்கு எஞ்சியது முதலாவதே.

கட்சி சாராமை பெருமையாயிருந்த காலம் போய்விட்டது. 1957இல் சியாவ் சியென் 'வலதுசாரி' என முத்திரை குத்தப்பெற்றார். அப்பழி நீங்கியது 1979இல்தான். அவ்வாண்டே அமெரிக்காவின் அயோவா நகருக்கு அழைக்கப்பெற்றார். இம்முறை எழுத்தாளராக, செய்தியாளராக அன்று.