சவூதி சுற்றுலா இ-விசா: உம்ராவுக்கு ஆகும், ஹஜ்ஜுக்கு ஆகாது

சவூதி அரசு 2019 செப்டம்பரில் சுற்றுலா இ-விசாவைத் தொடங்கியது. மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் இதை இணையத்திலேயே பெறலாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களில், வளைகுடா நாடுகளில் இகாமாவுடன் வசிப்போருக்கும், செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், ஷெங்கன் விசாவை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்களுக்கும் இவ்வழி உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது காலம் இருக்க வேண்டும். பெயரை அதில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்புங்கள். விசா மின்னஞ்சலில் வரும். அது செல்லுபடியாகும் காலம் வேறு, அங்கே தங்கக்கூடிய நாட்கள் வேறு. இரண்டையும் படித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

இந்த விசாவில் உம்ரா செய்யலாம். அதற்கும் ரவ்ளா ஷரீஃபுக்கும் நுசுக் செயலியில் முன்பதிவு செய்யுங்கள். ஆனால் ஹஜ்ஜுக்கு இது செல்லாது. ஹஜ் காலத்தில் இதைக் கொண்டு மக்காவுக்குள் நுழையவும் முடியாது.

2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தனர். அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு தெரிவித்தது. ஆகவே "சுற்றுலா விசாவிலேயே ஹஜ்" என்று யார் அழைத்தாலும் பணம் கொடுக்காதீர்கள். சக்தி பெற்றோர் மீதே ஹஜ் கடமை. அனுமதி கிடைக்காமல் காத்திருப்பவர் மீது குற்றமில்லை.