கடனாளியும் பிரக்கிராசியும்: கலேவெலையை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கே, குருநாகலிலிருந்து தம்புள்ளை ஊடாகத் திருகோணமலை செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள சிறுநகர் கலேவெல. மலைநாட்டுச் சரிவு ஓய்ந்து வரண்ட வலயம் தொடங்கும் எல்லைப்புறம் அது. தேவஹுவக் குளத்தை அண்டிய குடியேற்ற நிலங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெல், மிளகாய், பெரிய வெங்காயம் ஆகியன விளைகின்றன. சிங்கள விவசாயிகளும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. விதையும் உரமும் கிருமிநாசினியும் போகத்தின் தொடக்கத்திற் கடனாக வருகின்றன. விளைபொருளின் விலையோ விளைவித்தவனாலன்றிச் சந்தையினாலே தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே, இங்கு கடன் என்பது தனிமனிதனின் ஊதாரித்தனத்தால் வந்த கேடன்று. உற்பத்தி முறையின் ஓர் அங்கம் என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பிரதேசமொன்றில் கடனிறுக்க இயலாத ஒருவன் சட்டத்தரணியை நாடுவது எளிதான, இயல்பான செயலாகத் தோன்றலாம். ஆனால் அச்செயல் எவருக்கு எப்பொழுது இயல்வதாயிற்று, எவருக்கு இயலாது போயிற்று என்ற வினாவை எழுப்பும்போது, கடந்த 175 ஆண்டு காலச் சமூக வரலாறு ஒன்று நம்முன் விரிகின்றது. அவ்வரலாற்றின் சில கூறுகளைத் தொட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். ஈழத்துத் தமிழில் வழங்கிய பிரக்கிராசி, அப்புக்காத்து, நொத்தாரிசு, வங்குரோத்து ஆகிய சொற்கள் யாவும் ஐரோப்பியர் ஆட்சியின் வழியாக வந்தவை. கடன், வட்டி, ஈடு, பிணை, உறுதி என்பனவோ நமது மொழியில் நெடுங்காலம் வழங்குவன. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கடன்படுதல் பழைய சமூகத்திலும் இருந்தது. கடனைத் தாளில் எழுதுவோனும், அத்தாளை மன்றிலே வாதிடுவோனும், ‘இவன் கடனிறுக்க இயலாதவன்’ எனச் சட்டமுறையில் அறிவிக்கும் ஏற்பாடும் குடியேற்றவாத ஆட்சியுடன் நிலைபெற்றவை. கிராமத்தவன் சட்டத்தரணியை முதன்முதற் சந்தித்தது தன்னைக் காக்க வந்தவனாக அன்று. தன் காணியை ஈடு வைக்கும் உறுதியை எழுதும் நொத்தாரிசாகவே சந்தித்தான். 1974 வரை பிரக்கிராசியும் அப்புக்காத்தும் வெவ்வேறு தொழிலினராயிருந்தனர். பிரக்கிராசிமார் பலர் நொத்தாரிசுகளாகவும் இருந்தனர். உறுதி எழுதியவரே பின்னர் அவ்வுறுதியின் பேரில் வழக்குரைப்பவராகவும் தோன்றுதல் கூடும். இருமுறையும் அவரை அமர்த்தும் வசதி கடன் கொடுத்தவனிடமே இருந்தது.

இனி, சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். 1848ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி, கலேவெலைக்கு அண்மையிலுள்ள தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். அடுத்த சில நாள்களில் மாத்தளை கிளர்ச்சியாளர் கைப்பட்டது. ஓகஸ்டு 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, வீதி வேலைக் கட்டாயம் ஆகியன கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின. இவ்வரிகளின் பின்னணியில் நின்றது 1847-48 வர்த்தக நெருக்கடியும் அதனால் நிகழ்ந்த கோப்பி விலை வீழ்ச்சியும் ஆகும். நெருக்கடியின் சுமை கிராமத்தின்மீது வரியாக இறங்கிற்று.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1853இன் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தின் அக்காலச் சட்டங்களை மாதிரியாகக் கொண்ட இச்சட்டத்தின் அடிப்படை எண்ணம் முற்போக்கானதே. கடனிறுக்க இயலாமை குற்றமன்று. அது ஒரு நிலைமை. அந்நிலைமையை மாவட்ட நீதிமன்றில் வெளிப்படுத்தி, உள்ள உடைமையைக் கடன் கொடுத்தோரிடையே பங்கிட்டு, எஞ்சிய பொறுப்பினின்றும் ஒருவன் விடுதலை பெறலாம். கடனாளி தானே மனுச் செய்வதற்கும் அதில் வழியுண்டு. ஆயின் கணக்கேடுகளும் சொத்துப் பட்டியலும் மன்றச் செலவும் தேர்ந்த பிரக்கிராசியும் வேண்டிய அவ்வழியில் நடக்கக்கூடியவர் வணிகரும் தோட்டத்துரைமாரும் அவர்களை ஒத்தோருமே. கணக்கேடு இல்லாத விவசாயிக்கு ‘வங்குரோத்து’ என்பது சட்டநிலையாக அமையவில்லை. ஏச்சுச் சொல்லாகவே அமைந்தது.

இவ்விரட்டை நியாயம் 1880களில் மிகத் தெளிவாகப் புலனாகின்றது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியன்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. அவ்வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களுக்குத் தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை வழங்கினார், பீதி தணிந்தது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியிலே, நெல்வரி நிலுவைக்காக விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் அம்மக்களின் இடப்பெயர்வையும் பட்டினியையும் வெளிப்படுத்தினார். அவ்வரி 1892இலேயே ஒழிக்கப்பட்டது. வங்கியின் இயலாமைக்கு அரசு பிணை நின்றது. விவசாயியின் இயலாமைக்கு ஏலக்காரன் வந்தான்.

மாத்தளையின் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் கடனோ வேறொரு தாளில் எழுதப்பட்டது. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ அது. அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கே தொழிலாளி செல்லலாம்; கடனே அவனது விலையாயிற்று. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விவசாயிக்கு உறுதி, தொழிலாளிக்குத் துண்டு. தாள்கள் வேறாயினும் அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் எதிர்ப்பக்கத்தில் இருந்தமை இரண்டுக்கும் பொதுவாகும்.

சட்டத்தில் கடனாளிக்குச் சாதகமான ஏற்பாடுகள் இருக்கவில்லையா என்று ஒருவர் வினவலாம். இருந்தன. இங்குதான் சட்டத்தரணியின் இடம் தெளிவாகின்றது. வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலை விஞ்சலாகாது என்பது 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே கூறப்பட்டது. 1918இன் 2ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டம் மிகை வட்டியுடைய கொடுக்கல்வாங்கலை மறுபரிசீலனை செய்ய மன்றுக்கு அதிகாரமளித்தது. புரோநோட்டில் உண்மையாகக் கொடுத்த முதலும், முன்கூட்டியே கழித்த வட்டியும், வட்டி வீதமும் காட்டப்படல் வேண்டுமென விதித்தது. ஆனால் இவை தாமாக இயங்கும் பாதுகாப்புகள் அல்ல. ஒருவர் எழுந்து நின்று எடுத்துரைக்க வேண்டியவை. 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அழைப்பாணைக்கு வராத எதிராளிக்கெதிராக வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படும். அவ்விதம் பெறப்பட்ட தீர்ப்பாணையை நீக்குமாறு கோருவதற்கு, அது சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாள்களே உண்டு. புரோநோட்டு வழக்குகளிற் சுருக்க நடைமுறை கையாளப்படுமாயின், எதிர்வாதம் செய்வதற்கே மன்றின் அனுமதி வேண்டும். ஆங்கிலத்திலே நடந்த மன்றில், அழைப்பாணையை யாரிடம் காட்டி வாசிப்பது என்றறியாத விவசாயிக்கு 14 நாள் எம்மாத்திரம்? வழக்கின் போக்கே விளங்காது மன்றில் திகைத்து நிற்கும் கிராமத்தவனை லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட நாவலிற் காண்கிறோம். அது கற்பனை மட்டுமன்று. இலங்கையில் நீதவானாகவும் கடமையாற்றிய ஒருவரின் அனுபவ விளைவு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கடன் கொடுத்தவனை இனத்தின் பெயராலே அடையாளங்காணும் வழக்கம் நமது அரசியலில் நெடுநாளாக உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அதற்கு முதல் இலக்காயினர். ஆனால் அவர்கள் பிரித்தானிய வங்கிகளிற் கடன் பெற்று உள்ளூரிற் கடன் கொடுத்த இடைக்கண்ணியாகவும் இருந்தனர். 1925இல் வங்கிகள் தம் கடன் வசதியைச் சுருக்கியபோது அவர்களுட் பலர் நெருக்கடிக்குள்ளாயினர். உள்ளூரவர்க்குக் கடன் வழங்க ஐரோப்பிய வங்கிகள் முன்வராத நிலை 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழுவின் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. வட்டிமூலதனம் பழைய உற்பத்தி முறையை மாற்றாது அதனை ஒட்டி உறிஞ்சி நலிவிக்கும் என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் விளக்கியது, ஓர் இனத்தின் குணத்தைப் பற்றியன்று. ஓர் உறவின் இயல்பைப் பற்றியே.

1941இன் 39ஆம் இலக்கச் சட்டம் கடன் இணக்கச் சபையை அமைத்தது. ஈட்டின் பேரிலும், மீட்கும் நிபந்தனையுடன் எழுதிய அறுதி உறுதியின் பேரிலும் காணியை இழக்கும் நிலையிலிருந்தோர்க்கு அது ஒரு புகலிடமாயிற்று. 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இவை மறுக்கமுடியாத முன்னேற்றங்கள். ஆயினும் எதிர்த்திசையிலும் சட்டம் நகர்ந்தது. 1990இல் நிறைவேற்றப்பட்ட கடன் அறவீட்டுச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடன்கள் தொடர்பாக, கடன் வழங்கும் நிறுவனங்களுக்கு முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணையைப் பெறும் வழியைத் திறந்தது. கடனாளியின் வாதம் பின்னர், அதுவும் அனுமதி பெற்றே, கேட்கப்படும்.

நுண்நிதிக் கடன் பரவிய அண்மைக் காலத்தில் உறுதிக்கும் துண்டுக்கும் பதிலாகக் குழுப்பிணை வந்தது. காணியில்லாப் பெண்ணுக்கு அயற்பெண்ணின் மானமே ஈடாயிற்று. 2018இல் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மன்றுக்குச் செல்ல வழியற்றவர்கள் தெருவையே மன்றாக்கினர் எனலாம்.

ஓராண்டு கழித்து, 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி, இலங்கை அரசே தன் வெளிநாட்டுக் கடனை இறுக்குதலை இடைநிறுத்தியது. அடுத்த மாதமே சட்ட ஆலோசனைக்குக் கிளிபர்ட் சான்ஸ் என்னும் நிறுவனமும் நிதி ஆலோசனைக்கு லசார்ட் நிறுவனமும் அமர்த்தப்பட்டன. பிணைமுறி உடைமையாளரும் தமக்கெனச் சட்ட நிறுவனத்தை அமர்த்தினர். பேச்சுவார்த்தைகள் நீண்டு, 2024 திசம்பரில் பிணைமுறிக் கடன்களின் மறுசீரமைப்பு நிறைவேறிற்று. அரசு செய்தது தவறன்று. இயலாத கடனாளி முதலிற் செய்யவேண்டியதையே அது செய்தது: கொடுப்பனவை நிறுத்தி, தன் பக்கத்துக்கு வாதிடுவோரை அமர்த்தி, கடனைக் குறைக்கக் கோரிற்று. நமது கேள்வி இதுவே: அரசுக்கு விவேகமாகக் கொள்ளப்படும் இச்செயல், கலேவெலையின் வெங்காயச் செய்கையாளன் செய்யும்போது மட்டும் நாணயமின்மையாகக் கொள்ளப்படுவது ஏன்?

விடையை ஒழுக்கவியலில் தேடுவதிற் பயனில்லை. வர்க்க உறவிலேயே தேடல் வேண்டும். கடன் தீர்க்க இயலாமையை நிலைமையாக ஏற்பதா, குற்றமாகக் கொள்வதா என்பதைச் சட்டத்தின் வாசகம் மட்டும் தீர்மானிப்பதில்லை; அவ்வாசகத்தை மன்றிலே பேச வைக்கும் ஆற்றலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. சட்டத்தரணிமாருட் பலர் ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதிட்டமை வரலாற்று உண்மை. எனினும் தனிமனிதரின் கருணை ஓர் உரிமைக்கு ஈடாகாது. கடனாளி சட்டத்தரணியைக் காணவேண்டியது ஏலத்துக்கு முதல் நாளன்று. கையொப்பமிடுவதற்கு முன்னரும், அழைப்பாணை கைக்கு வந்த அன்றும் ஆகும். சட்ட உதவி ஆணைக்குழு, விவசாய அமைப்புகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியன இணைந்து, மக்களின் மொழியில், ஊருக்கு ஊர் இவ்வுரிமையை நிலைநாட்டும்போதே 1853இன் சட்டம் கூறிய விடுதலை கிராமத்தை எட்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பெருந்தெருவோடு நின்றுவிட்டது, வயலுக்குள் இறங்கவில்லை.