பாதிரியாரின் வாக்கு

தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகேயுள்ள தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பத்தின் முன் நெடுநேரம் நின்றேன். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ் பாதிரியார்; அவர் கையைப் பற்றியபடி சரபோஜி மன்னர்.

1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த அந்த ஜெர்மானியர், 1798-ல் மறையும்வரை தாயகம் திரும்பவில்லை. 1779-ல் கும்பினியாரின் தூதராக ஹைதர் அலியிடம் போனார். வழியிலும் வேத வாசிப்பும் ஜபமும் தவறவில்லை. ஹைதர் வழிச்செலவுக்குத் தந்த 300 ரூபாயைச் சென்னைச் சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தஞ்சையில் ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். நானாயிருந்தால் பேசாமல் மடியில் முடிந்துகொண்டிருப்பேன்!

1780-ல் யுத்தம் மூண்டது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே நெல் இருந்தது, சுமந்துவர மாடில்லை. முன்பு கூலி கிடைக்காத குடியானவர்கள் அரசாங்கத்தின் வாக்கை நம்பவில்லை. தம் கையாலேயே கூலி தருவதாகப் பாதிரியார் சொல்லியனுப்பினார். இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன.