பூச்சிக்கொல்லிப் பூஞ்சைகள்
பூச்சிகளின் உடலில் தொற்றி அவற்றைக் கொல்லும் பூஞ்சைகள். பயிரைத் தின்னும் புழுக்களுக்கு எதிரான உயிரியல் மருந்தாகப் பயன்படுபவை. வெள்ளை நிறப் பிவேரியா பேசியானா, பச்சை நிற மெட்டாரைசியம் அனிசோப்ளியே ஆகியவை பரவலாக விற்பனையில் உள்ளன. முன்பு நொமூரியா எனப்பட்ட மெட்டாரைசியம் ரிலேயி பெரும்பாலும் அந்துப்பூச்சிப் புழுக்களையே தாக்கும்.

பூஞ்சையின் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, நொதிகளால் தோலைத் துளைத்து உட்புகும். பாக்டீரிய மருந்தைப் போல் இதைப் புழு தின்ன வேண்டியதில்லை. சில நாட்களில் இறக்கும் புழு விறைத்துப்போகும். ஈரப்பதம் இருந்தால் அதன்மேல் மாவு பூசியதுபோல் வித்துகள் படியும்.

இத்தாலியரான அகோஸ்தினோ பாசி, பட்டுப்புழு நோயொன்றுக்கு இத்தகைய பூஞ்சையே காரணம் என 1835இல் காட்டினார். மல்பெரித் தோட்டங்களருகே பிவேரியாவைத் தவிர்ப்பதும் இதனால்தான். 2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்திலும் பரவிய மக்காச்சோளப் படைப்புழுவுக்கு, குருத்தில் மெட்டாரைசியம் தெளிக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. வேலூர் மாவட்டத்தின் நிலக்கடலையில் புரோடீனியா புழுவுக்கும் இவை பொருந்தும். வெயிலும் வறட்சியும் வித்தை அழிப்பதால் மாலைத் தெளிப்பே பலன் தரும், பூஞ்சாணக்கொல்லியுடன் கலக்கலாகாது.