இரண்டு நண்பர்கள் காத்த சொத்து



எதிரணியிலே பேசின சகோதரி, "கடைசிக் காலத்துல வாயில தண்ணி ஊத்த உறவுதாங்க வேணும்"னு சொன்னாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். உண்மையாச்சே! (சிரிப்பு) ஆனா, தண்ணி ஊத்தின பிறகு ஒரு மனிதனை வாழ வைக்கிறது யாரு? உறவா? நட்பா?

ஷேக்ஸ்பியர் கதையைப் பாருங்க. இங்கிலாந்திலே ஸ்ட்ராட்ஃபோர்டுன்னு ஒரு சின்ன ஊர். அங்கே கையுறை தைத்து விற்கிறவர் வீட்டிலே 1564-ல் பிறந்தார். 18 வயசிலே கல்யாணம். பொண்ணுக்கு 26! (சிரிப்பு) மூன்று பிள்ளைகள். குடும்பத்தை ஊரிலே விட்டுட்டு லண்டனுக்குப் போய் நடிகரானார், நாடகம் எழுதினார். 1596-ல் ஒரே மகன் ஹாம்னெட் 11 வயசிலே இறந்துபோனான்.

லண்டனிலே அவருக்குக் கிடைத்த சொத்து, கூட நடித்த நண்பர்கள். ஒரே குழு, ஒரே மேடை, லாபத்திலே பங்கு. 1613-ல் ஒரு நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையிலே விழுந்து, அவங்க குளோப் அரங்கமே எரிஞ்சு சாம்பலாச்சு. திரும்பக் கட்டினாங்க.

1616-ல் ஷேக்ஸ்பியர் மறைந்தார். அவர் உயிலிலே சொத்தின் பெரும்பகுதி மூத்த மகளுக்கு. மனைவிக்கு, வீட்டிலே இருந்த இரண்டாந்தரக் கட்டில்! (சிரிப்பு) சிரிக்காதீங்க, அதுக்கு என்ன காரணம்னு அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. அதே உயிலிலே இன்னொரு வரி. பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டல் என்ற மூன்று நடிகர்களுக்கு, ஞாபகமா மோதிரம் வாங்கிக்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். சின்னத் தொகைதான்.

பர்பேஜ் 1619-ல் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்த இரண்டு பேரும் என்ன செஞ்சாங்க? அவர் நாடகங்களிலே ஏறத்தாழப் பாதி அச்சிலேயே வரலை. மேடைக்கு எழுதின தாள்தானேன்னு விட்டிருந்தா கரையான் பார்த்துக்கிட்டிருக்கும். இவங்க விடலை. தேடித் தேடிச் சேர்த்து, 1623-ல் 36 நாடகங்களை ஒரே பெரிய நூலாக அச்சேத்த வழி பண்ணினாங்க. 'பணத்துக்கும் இல்லை, புகழுக்கும் இல்லை, எங்கள் நண்பனின் நினைவுக்காக' என்ற பொருள்படத்தான் முன்னுரையிலே எழுதினாங்க. (கைதட்டல்) அந்த நூல் மட்டும் வரலைன்னா மேக்பெத் இல்லை, ஜூலியஸ் சீசர் இல்லை!

இப்ப உறவுக்கு வாங்க. இளைய மகள், தகப்பனார் இறந்த அதே வருஷம் பிறந்த தன் மகனுக்கு 'ஷேக்ஸ்பியர்'னே பேர் வைத்தாள். அந்தப் பேரன் ஆறு மாசத்திலே போயிட்டான். அவன் தம்பிகள் இரண்டு பேரும் 1639-ல் இறந்தாங்க. மூத்த மகளின் மகள் எலிசபெத் 1670-ல் பிள்ளையில்லாமல் மறைந்தாள். அதோட நேர் வாரிசு முடிஞ்சது. பாவம், அன்பு இல்லாமல் இல்லை. ஆனா, ரத்தம் 54 வருஷத்திலே வற்றிப் போச்சு. அந்த இரண்டு நண்பர்கள் சேர்த்த காகிதம் 400 வருஷம் தாண்டி நிக்குது!

நடுவர் அவர்களே, ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கிற நேரத்திலே எனக்குக் கடுங்காய்ச்சல். ராத்திரி ராத்திரியா கண்விழிச்சுப் படியெடுத்துக் கொடுத்தவன் என் விடுதி நண்பன். உறவு இல்லை, ஒரே ஊர்கூட இல்லை. இந்த மேடையிலே என் பேருக்கு முன்னால 'முனைவர்'னு போட்டிருக்கே, அதிலே பாதி அவன் கையெழுத்து. அவனுக்கு நான் இன்னும் ஒரு மோதிரம்கூட வாங்கித் தரலை.

தண்ணி ஊத்த உறவு வேணும், ஒத்துக்கிறேன். பேரைக் காக்க நட்புதான் வேணும். அதனால, நட்பே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)