கபுகி ரசிகர் கையில் ஒரு பருத்தித் துண்டு

தெனுகுயி என்பது ஜப்பானில் கையையும் முகத்தையும் துடைக்கவும், தலையில் கட்டிக்கொள்ளவும், பண்டங்களைச் சுற்றி வைக்கவும் பயன்படும் மெல்லிய பருத்தித் துண்டு. அகலம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். நீளம் 90 சென்டிமீட்டர். முனைகளை வெட்டியபடியே விட்டுவிடுவார்கள், மடித்துத் தைப்பதில்லை. தைத்த ஓரம் இல்லாததால் ஈரமும் அழுக்கும் தங்குவதில்லை, துணியும் சீக்கிரம் உலர்ந்துவிடும். காயத்துக்குக் கட்டுப் போடவோ, அறுந்த செருப்பு வாருக்கு முடிச்சுப் போடவோ வேண்டுமானால் கையாலேயே கிழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு உழவரின் தோளில் கிடக்கும் துண்டுக்கு என்னென்ன வேலை உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு. ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், இந்தத் துண்டுக்கு இன்னொரு வாழ்வும் அமைந்தது. நாடக நடிகர்மேல் ஊர் வைத்த ஆசை, எழுத்தாளரின் குறும்பு, கதைசொல்லியின் கலை மூன்றும் இதில் வந்து சேர்ந்தன.

ஜப்பானுக்குப் பருத்தி தாமதமாகத்தான் வந்தது. 799ஆம் ஆண்டில் மிகாவா என்ற கடற்கரைப் பகுதியில் ஓர் இளைஞன் சிறு படகில் ஒதுங்கினான் என்றும், அவனிடம் பருத்தி விதைகள் இருந்தன என்றும் அரசவை வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அங்குள்ள மொழியைக் கற்ற பிறகு அவன் தன்னை இந்தியாவிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டானாம். மறு ஆண்டு அந்த விதைகளைத் தென்மேற்கு மாகாணங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள், பயிர் நிலைக்கவில்லை. அந்த இளைஞனைத் தெய்வமாக வழிபடும் கோயில் ஒன்று ஐச்சி மாநிலத்தின் நிஷியோ நகரில் இன்றும் இருக்கிறது. பருத்தி விளைச்சல் உள்நாட்டில் வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டில். அதுவரை எளிய மக்கள் உடுத்தியது சணல் வகை நார்த்துணி. அது குளிர் தாங்காது. வியர்வையையும் நன்றாக உறிஞ்சாது. மிகாவாவிலும் ஒசாகாவைச் சுற்றியும் பருத்தி வயல்கள் பெருகியபோது, துடைக்கும் துணி என்ற பொருளே சாதாரண வீட்டுக்குக் கிடைத்தது.

பருத்தியை மக்கள் துணியாக்கியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1628இல் எடோவிலிருந்து ஜப்பானை ஆண்ட டொகுகாவா அரசு உழவர்கள் பருத்தியும் நார்த்துணியும் மட்டுமே உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. 1683இல் நகரத்துப் பெண்களின் பொற்சரிகைத் துணிக்கும் பூவேலைக்கும் தடை வந்தது. வணிகர் கையில் பணம் புரண்டது. அதை உடையில் காட்டத்தான் வழியில்லை. பகட்டுக்கு இடம் இல்லாத ஊரில் ரசனை நுணுக்கத்துக்குத் திரும்பியது. தூரத்தில் ஒரே நிறமாகத் தெரிந்து அருகில் வந்தால் மட்டும் வடிவம் புலப்படும் சிறுபொறி அச்சுகளும், அவுரி நீலத்தின் பல சாயல்களும், மெல்லிய கோடுகளும் எடோவின் அழகாயின. சோழமண்டலக் கரையிலிருந்து போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் கொண்டுபோன கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்கே பெரும் மதிப்பு இருந்தது. அது சாந்தோமின் பெயராலேயே, ‘சான்தோமே’ கோடு என்று அழைக்கப்பட்டது. துறைமுகம் நாகசாகியில் இருந்தாலும் அந்தத் துணியைக் கொண்டாடியது எடோவின் நாகரிக இளைஞர் கூட்டம். பின்னர் கவாகோஏ போன்ற ஊர்களில் அதைப் பார்த்து உள்ளூரிலேயே நெய்தார்கள்.

துணியின் போக்கை நிர்ணயித்த இடம், நகர மக்களின் நாடகமான கபுகியின் அரங்கு. 1741இல் நகமுரா அரங்கில் சனோகாவா இச்சிமாட்சு என்ற இளம் நடிகர் வெள்ளையும் கருநீலமும் மாறி மாறி வரும் கட்டம் போட்ட கீழாடையோடு மேடையேறினார். கட்ட வடிவம் அதற்கு முன்பும் ஜப்பானில் இருந்ததுதான். ஆனால் அன்று முதல் அது அவருடையதாயிற்று. பெண்கள் கிமோனோவில் அதைக் கேட்டு வாங்கினார்கள். இன்றுவரை ஜப்பானில் அந்த வடிவத்துக்கு இச்சிமாட்சு என்றே பெயர். 1753இல் அதே அரங்கில் நகமுரா தோமிஜூரோ ஆடிய ‘மகள் தோஜோஜி’ நடனத்தில் காதல் ஏக்கத்தைச் சொல்லும் பகுதி முழுக்க ஒரு தெனுகுயியை வைத்தே நடக்கிறது. வாயில் கவ்வுவது, தோளில் போடுவது, விரித்து முகம் மறைப்பது எல்லாமே அந்தத் துண்டால்தான். இந்த நாடகத்தில் துறவி வேடத்தில் வரும் துணை நடிகர்கள் பார்வையாளர் பக்கம் தெனுகுயிகளை வீசுவது வழக்கம். நடிகர் கைபட்ட துண்டு ஒன்று வீட்டுக்கு வந்து சேர்வதைவிட ரசிகருக்கு என்ன பேறு வேண்டும்!

நடிகர் குடும்பங்கள் இந்த ஆசையைப் புரிந்துகொண்டு தங்களுக்கென்று வடிவங்களை வைத்துக்கொண்டன. அவற்றில் மிகச் சிறந்தவை விடுகதைகளாக அமைந்தவை. ஏழாம் இச்சிகாவா தான்ஜூரோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெறச் செய்த வடிவத்தில் ஓர் அரிவாள், ஒரு வட்டம், ‘நு’ என்ற எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாக வரும். அரிவாள் ‘கமா’, வட்டம் ‘வா’, சேர்த்துப் படித்தால் ‘கமாவனு’, அதாவது ‘எதற்கும் கவலையில்லை’. 17ஆம் நூற்றாண்டில் எடோவின் முரட்டு இளைஞர்கள் உடையில் போட்டுக்கொண்டிருந்த இந்த வீறாப்பை மேடையில் மீட்டெடுத்தார் தான்ஜூரோ. அவருக்குப் போட்டியாக மூன்றாம் ஓனோஏ கிகுகோரோ ஒரு கோடரி, ஒரு கோதோ யாழ், ஒரு சாமந்திப்பூ என்று அமைத்துக்கொண்டார். ‘யோகி கோதோ கிகு’, நல்ல சேதி கேட்கிறோம் என்று அதைப் படிக்க வேண்டும். ஷிகான் என்ற புனைபெயர் கொண்ட மூன்றாம் நகமுரா உதாஏமோனின் துணியில் நான்கு கோடுகளும் இடையில் இழுப்பறைக் கைப்பிடி வளையங்களும் இருக்கும். நான்கு ‘ஷி’; வளையம் ‘கான்’. பெயரை எழுதாமலே பெயரைச் சொல்லும் இந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர் எந்த நடிகரின் ஆள் என்பது, படிக்கத் தெரிந்த அனைவருக்கும் தெரியும். ஆடம்பரத் தடைச் சட்டம் தொட முடியாத ஆடம்பரம் இது. விலை சில காசு, அறிவுக்குத்தான் வேலை.

இந்தக் குறும்பை எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1784இல் நகைச்சுவை எழுத்தாளரும் ஓவியருமான சான்தோ கியோதென் எடோவில் தெனுகுயி வடிவங்களின் கண்காட்சி ஒன்றை நடத்தினார். அறிஞர், ஓவியர், நடிகர் எனப் பலரும் புது வடிவங்களை யோசித்து அனுப்பினர். அவை நூலாகவும் வந்தன. அதே காலத்தில் அவர் வெளியிட்ட இன்னொரு வகை நூல், துணிக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரிப் புத்தகத்தைப் பகடி செய்தது. அன்றாட வாழ்க்கையின் அற்பப் பொருள்களை வரிசையாக அடுக்கி, பெருமையான பட்டு வடிவம்போல் தலைப்பும் விளக்கமும் கொடுத்திருந்தார். வளைந்து நெளியும் விலாங்கு மீன்களைச் சங்கிலியாகக் கோத்த வடிவம் அதில் புகழ்பெற்றது; அச்சாலைகள் இன்றும் அதைத் துணியில் போடுகின்றன. இவ்வளவு கூர்மையான கண்ணை அரசு விட்டுவைக்கவில்லை. 1791இல் கியோதெனின் வேறு நூல்களுக்காக அவர் கைகளில் 50 நாள் விலங்கிட்டார்கள். பிறகு அவர் ஒரு புகையிலைப்பை கடை வைத்தார். அதன் விளம்பரத் தாளையும் படவிடுகதையாகவே எழுதினார்.

1842இல் மறுபடி அடி விழுந்தது. தெம்போ சீர்திருத்தம் என்ற பெயரில் அரசு கபுகி அரங்குகளை நகர ஓரத்துக்குத் தள்ளியது. ஆடம்பரக் குற்றம் சாட்டி ஏழாம் தான்ஜூரோவை எடோவை விட்டே வெளியேற்றியது. கதைசொல்லும் அரங்குகளைப் பதினைந்தாகக் குறைத்தது. சில ஆண்டுகளில் ஆணை தளர்ந்ததும் அரங்குகள் முன்னைவிட அதிகமாயின.

அந்தக் கதை அரங்குகளின் கலைதான் ரகுகோ. மெத்தைமேல் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே ஒருவர், எழுந்திருக்காமலே, பத்துப் பேரின் குரலில் ஒரு நகைச்சுவைக் கதையைச் சொல்லி முடிப்பார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்ரகுவான் சகுதென் என்ற பௌத்தத் துறவி ஆயிரத்துக்கு மேற்பட்ட சிரிப்புக் கதைகளைத் தொகுத்தார். ரகுகோவின் மூல ஊற்று அதுவே. அந்நூற்றாண்டின் முடிவில் எடோ, கியோத்தோ, ஒசாகா மூன்றிலும் தொழில்முறைக் கதைசொல்லிகள் தோன்றினர். 1798இல் சான்ஷோதெய் கராகு எடோவின் ஷிதாயா கோயில் வளாகத்தில் கட்டணம் வாங்கி நடத்திய நிகழ்ச்சியை எடோ ரகுகோ அரங்கின் தொடக்கமாகக் கொள்வர்.

ரகுகோக் கதைசொல்லியிடம் இருக்கும் கருவிகள் இரண்டே: ஒரு விசிறியும் ஒரு தெனுகுயியும். தொழில் வட்டத்தில் விசிறிக்குக் ‘காசே’, அதாவது காற்று; தெனுகுயிக்கு ‘மந்தாரா’. மடக்கிய விசிறி சாப்பாட்டுக் குச்சியாகும், புகைக்குழாயாகும், வாளாகும். மடித்த தெனுகுயி பணப்பையாகும், புகையிலைப்பையாகும், கடிதமாகும், புத்தகமாகும். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்காக அதை இரண்டாகப் பிட்டு ஊதி ஊதித் தின்னும் காட்சியில் பார்வையாளர் நாக்கிலேயே சூடு படும். கதைசொல்லிகளுக்குள் பல படிநிலைகள் உண்டு. சீடன் முதல்நிலையைத் தாண்டி ‘ஃபுதாட்சுமே’ ஆகும்போது மேல்கோட்டு அணியும் உரிமையோடு, தன் பெயர் பொறித்த தெனுகுயி அச்சிடும் உரிமையும் பெறுகிறான். புத்தாண்டில் கதைசொல்லிகள் ஒருவருக்கொருவர் தங்கள் துண்டுகளைக் கொடுத்துக்கொள்வது இன்றும் மாறாத வழக்கம்.

இந்தத் துண்டுகளுக்குச் சாயமேற்றும் முறையும் மேடைக் கலைக்குக் குறையாத கைத்திறன் கொண்டது. பழைய முறையில் நீலத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். டொகுகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி காலத்தில் ஒசாகாவில் சூசென் என்ற ஊற்றுச் சாய முறை உருவானது. சீமைப்பனிச்சைக் காயின் சாறு ஊறிய தாளில் வடிவத்தை வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் களிமண்ணும் கடற்பாசியும் சேர்ந்த பசையை மரப்பலகையால் இழுப்பார்கள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு துண்டு நீளம் முடிந்ததும் துணியை அப்படியே மடித்து மறுபடி பசை. இப்படி இருபது முப்பது மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பிறகு நிறங்கள் கலக்காமல் இருக்கப் பசையாலேயே சிறு வரப்புகள் கட்டி, நீண்ட மூக்குள்ள கெண்டியால் சாயத்தை ஊற்றுவார்கள். கீழே காற்றுறிஞ்சும் பொறி சாயத்தை எல்லா மடிப்புகளுக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். புரட்டிப் போட்டு மறுபக்கமும் ஊற்றுவார்கள். நூலுக்குள்ளேயே சாயம் ஊறிவிடுவதால் துணிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே இல்லை. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றில் கரையும் மென்மை எந்த எந்திர அச்சிலும் வராது. ஒசாகாவின் இந்தச் சாயத் தொழிலை 2019இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது.

அந்தச் சாயப் பட்டறைகளுக்கு இடையில் நெருக்கடியும் வந்தது. 1887இல் சதோயி என்ஜிரோ என்பவர் ஒசாகா அருகே பூந்துவாலை நெய்யும் வழி கண்டார். பிறகு இமாபாரி நகரம் துவாலைக்குப் பேர்போன ஊராயிற்று. தடித்த துவாலை வீட்டுக்குள் வந்ததும் தெனுகுயி கடைகளின் இலவசப் பொருளாகவும் கோயில் திருவிழாத் தலைக்கட்டாகவும் சுருங்கியது. 1987இல் டோக்கியோவின் தைகன்யாமா பகுதியில் தான்ஜூரோவின் விடுகதையையே பெயராகக் கொண்டு திறக்கப்பட்ட ‘கமாவனு’ கடை, சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பொருளாகவும் அன்பளிப்பாகவும் அதை மறுபடி விற்கத் தொடங்கியது.

திரையும் இதற்குக் கைகொடுத்தது. சாமுராய் காலத்துப் படங்களிலும் தொடர்களிலும் 1832இல் தலை வெட்டப்பட்ட ‘எலித் திருடன்’ ஜிரோகிச்சி வரும்போதெல்லாம் தெனுகுயியால் தலையை மூடி மூக்கின்கீழ் முடிச்சிட்டுத்தான் வருகிறான். 2005இல் வந்த ‘டைகர் அண்ட் டிராகன்’ தொடர், கடன் வசூலிக்கப் போன ரவுடி ஒருவன் ரகுகோவில் மயங்கிச் சீடனாகும் கதையால் இளைஞரைக் கதை அரங்குகளுக்கு அழைத்து வந்தது. ‘ஷோவா கென்ரொகு ரகுகோ ஷின்ஜூ’ என்ற மாங்கா அனிமேயாகவும், 2018இல் என்.எச்.கே. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 2019இல் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் நாயகன் பச்சையும் கறுப்புமான இச்சிமாட்சுக் கட்ட மேலாடையோடு தோன்றியதும், அந்தக் கட்டம் போட்ட துணி கடைகளில் காணாமல் போகும் அளவுக்கு விற்றது. அந்தக் கதையை வெளியிட்ட பதிப்பகம் அந்த வடிவத்தைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய 2020இல் விண்ணப்பித்தது. அது பலரும் காலங்காலமாகப் பயன்படுத்தும் அலங்கார வடிவம், யாருக்கும் தனியாக உரியதாகாது என்று காப்புரிமை அலுவலகம் 2021இல் மறுத்துவிட்டது.